கூமாப்பட்டிக்குப் போறவங்க கான்சாபுரத்தைப் பார்ப்பதில்லை

அலுவலக நண்பர் ஒருவர் பிரான்சில் கிராமம் கிராமமாகச் சுற்றிவிட்டு வந்து படங்கள் காட்டினார். அதில் ஒன்று கொலோஞ்ஜ்-லா-ரூஜ், முழுக்கச் செங்கல்நிற மணற்கல் வீடுகள். 1982-ல் அந்த ஊர் மேயர் தொடங்கி வைத்ததுதான் 'பிரான்சின் மிக அழகிய கிராமங்கள்' என்ற சங்கம். அதில் சேர நிபந்தனைகள் உண்டு: மக்கள்தொகை 2,000-க்கு மேல் போகக்கூடாது, பாதுகாக்கப்பட்ட சின்னங்களோ இடங்களோ குறைந்தது இரண்டாவது இருக்க வேண்டும். பச்சையா இருக்கு, காத்து நல்லா வருது என்பது மட்டும் போதாது.

நம்ம பக்கம் 2025-ல் என்ன நடந்தது? ஒரு ரீல்ஸ் வந்தது, கூமாப்பட்டி ஊரெல்லாம் பேச்சானது. மலை, தென்னை, பிளவக்கல் அணைத் தண்ணீர் என்று அழகாகத்தான் இருந்தது. ரீல்ஸ் போட்ட தம்பியை நான் குறை சொல்லவில்லை. அவர் தன் ஊரைப் பார்க்க வாங்கன்னு கூப்பிட்டார், அவ்வளவுதான். என் குறை, அதற்குப் பின்னால் வரிசையாக வந்த பயண வீடியோக்கள் மீது. நான் பார்த்தவரை எல்லாமே அதே அணை, அதே ட்ரோன் காட்சி. கூமாப்பட்டிக்குப் பக்கத்திலேயே இருக்கும் கான்சாபுரத்தைப் பற்றி, அந்தப் பெயர் எப்படி வந்தது என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

நானும் யோக்கியன் இல்லை. சதுரகிரிக்காக வத்திராயிருப்பு பக்கம் எத்தனையோ முறை போயிருக்கேன். பெயர்ப் பலகையில் 'கான்சாபுரம்' என்று படித்திருக்கேன், யோசித்ததில்லை.

கான்சா என்றால் கான்சாகிப், அதாவது யூசுப்கான், மருதநாயகம் என்றும் சொல்வார்கள். அவர் பெயரால் அமைந்த ஊர் என்பதுதான் இங்கே வழங்கும் பேச்சு. 1758-59-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னையை முற்றுகையிட்டபோது கம்பெனிக்காகச் சண்டை போட்டவர். 1763-ல் அதே ஆள் மதுரைக் கோட்டையில் பிரெஞ்சுக் கொடியை ஏற்றினார்! கடைசியில் அவரைப் பிடித்துக் கொடுத்ததும் உள்ளேயே இருந்த பிரெஞ்சுத் தளபதி மார்ஷானும் கூட இருந்தவர்களும்தான். 1764 அக்டோபர் 15 அன்று மதுரையில் தூக்கிலிடப்பட்டார். சம்மட்டிபுரத்தில் அவர் அடக்கத்தலம் இருக்கிறது. பிரான்சு போய்த்தான் பிரெஞ்சுக் கதை தேட வேண்டும் என்றில்லை.

ஆனால் இதோடு நிறுத்தினால் நானும் ரீல்ஸ் போட்ட மாதிரிதான். ராஜபாளையத்திலிருந்து தென்காசி ரோட்டில் போனால் வாசுதேவநல்லூர். அங்கும் நெற்கட்டும்செவலிலும் பூலித்தேவரை எதிர்த்துக் கம்பெனி பக்கம் நின்று போரிட்டவர் இதே யூசுப்கான். நெற்கட்டும்செவலில் பூலித்தேவருக்கு நினைவு மாளிகை இருக்கிறது. அங்கே எதிரியாக இருப்பவர், இங்கே ஓர் ஊரின் பெயராக இருக்கிறார். 1914-ல் எஸ்.சி. ஹில் எழுதிய ஆங்கில வரலாறு தலைப்பிலேயே அவரைக் கலகக்காரத் தளபதி என்கிறது. யாருக்கு எதிராகக் கலகம் என்று கேட்டால், வருடத்துக்கு வருடம் பதில் மாறும்.

இந்தச் சிக்கல்தான் பார்க்க வேண்டிய இடம் என்று நினைக்கிறேன். அணையை ட்ரோனில் பிடிக்கலாம், இதைப் பிடிக்க முடியாது. இரண்டு ஊருக்கும் ஒரே நாளில் போய் வரலாம். போனால் ஒருத்தரை ஹீரோ, ஒருத்தரை வில்லன் என்று பிரிக்கிற பழக்கம் கொஞ்சமாவது ஆட்டம் காணும்.

பெரிய மணிமண்டபமெல்லாம் கேட்கவில்லை. கூட்டம் வந்து குப்பை போட்டுவிட்டுப் போகிற சுற்றுலாவும் கான்சாபுரத்துக்கு வேண்டாம். பஸ் ஸ்டாப்பில், பெயர்க் காரணமும் இரண்டு பக்கக் கதையும் சொல்லும் ஒரு பலகை போதும். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் தினமும் படிப்பார்கள். முப்பது வருஷம் கழித்து என்னை மாதிரி விழிக்க மாட்டார்கள்.