மறுக்கும் உரிமை இல்லாத சபை

மைசூர் திவான் ரங்காச்சார்லுவை இந்திய மக்களாட்சியின் முன்னோடி என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. 1881 அக்டோபர் 7ஆம் தேதி அவர் கூட்டிய பிரதிநிதி சபையை நாட்டின் முதல் மக்கள் மன்றம் என்கிறார்கள். அவர் செங்கல்பட்டு மாவட்டத்துக்காரர், தமிழர். அதனால் எங்கள் பக்கத்தில் இந்தப் பேச்சுக்கு மவுசு அதிகம். திருவிடந்தையில் உட்கார்ந்து எழுதும் எனக்கும் அந்தப் பெருமையில் பங்கு உண்டு. ஆனாலும் அரசர் பெயரால் அழைக்கப்பட்டு வந்து, திவான் வாசித்த கணக்கைக் கேட்டு, ஊர்க் குறைகளைச் சொல்லிவிட்டுத் திரும்பிப் போன ஒரு கூட்டத்தை மக்களாட்சி என்று ஏற்க எனக்கு மனம் வரவில்லை.

ரங்காச்சார்லு பெரிய மனிதர். அதில் எனக்குத் தகராறு இல்லை. 1849இல் சென்னையில் குமாஸ்தாவாகத் தொடங்கியவர். கீழ் உத்தியோகத்தில் இருந்தபோதே வருவாய்த் துறை லஞ்சத்தைப் பற்றிப் பிரசுரம் எழுதும் நெஞ்சுரம் அவருக்கு இருந்தது. இனாம் கமிஷனில் வேலை பார்த்தார். 1868இல் மைசூர் அரண்மனை நிர்வாகத்துக்குப் போனார். 1874இல், அங்கே பிரிட்டிஷ் அதிகாரிகள் நடத்திய ஆட்சியை விமர்சித்து லண்டனில் ஒரு பிரசுரம் வெளியிட்டார். 1881 மார்ச் 25ஆம் தேதி ராஜ்யம் உடையார் வம்சத்துக்குத் திரும்பியபோது பதினெட்டு வயது சாமராஜேந்திரருக்குத் திவானானார். இரண்டு ஆண்டு முடியுமுன், 1883 ஜனவரியில், காலமானார்.

அந்தக் குறுகிய காலத்தில் அவர் தலைமேல் இருந்த சுமையையும் சொல்ல வேண்டும். 1876-78 பஞ்சம் மைசூரை உலுக்கிவிட்டிருந்தது. 1871 கணக்கெடுப்பில் ஐம்பது லட்சத்துக்கு மேல் இருந்த மக்கள் தொகை 1881இல் நாற்பத்திரண்டு லட்சத்துக்கும் கீழே போயிற்று. கஜானாவில் பணம் இல்லை. இந்திய அரசுக்குக் கொடுக்க வேண்டிய கடன் மட்டும் எண்பது லட்சம் ரூபாய். அதே பஞ்சத்தின் தடம் எங்கள் ஊரிலும் உண்டு. திருவிடந்தைக்கு மேற்கே ஓடும் பக்கிங்காம் கால்வாயின் வடபகுதியை, அடையாறையும் கூவத்தையும் இணைக்கும் துண்டை, 1877-78இல் வெட்டியவர்கள் பஞ்ச நிவாரணக் கூலிகள். மைசூரிலும் பெங்களூர் - மைசூர் ரயில் பாதைக்குப் பஞ்சக் கூலிகளே மண் சுமந்தார்கள். அந்தப் பாதையை 1882இல் முடித்தது ரங்காச்சார்லு. மாவட்டங்களை எட்டிலிருந்து ஆறாகக் குறைத்துச் செலவையும் வெட்டினார். திறமையான நிர்வாகி என்பதற்கு இதற்கு மேல் சான்று வேண்டாம்.

அப்படிப்பட்டவர் கூட்டிய சபையில் யார் இருந்தார்கள்? 144 பேர்: நிலக்காரர்களும் வியாபாரிகளும். தேர்தல் கிடையாது. தசரா முடிந்த கையோடு மைசூரில் கூடினார்கள். வரவு செலவையும் அடுத்து நடக்கப்போகும் வேலைகளையும் திவான் படித்தார். உறுப்பினர்கள் தங்கள் பகுதியின் தேவைகளைச் சொன்னார்கள். ஒரு வரியைத் தடுக்கவோ ஒரு செலவை வெட்டவோ ஓர் அதிகாரியைப் பதில் சொல்ல வைக்கவோ அவர்களுக்கு அதிகாரம் இல்லை. ஒரு பெரிய மனுவைப் பலர் சேர்ந்து நேரில் கொடுத்தார்கள் என்பதே அங்கு நடந்தது. பஞ்சத்தில் செத்தவர்களில் பெரும்பாலோர் நிலமில்லாத கூலிகளும் சிறு குடியானவர்களும். அவர்கள் சார்பில் பேச ஒருவரும் அழைக்கப்படவில்லை. எத்தனையோ லட்சம் பேரைப் பறிகொடுத்த நாட்டில், அந்தச் சாவுக்குக் காரணமான நிர்வாகத்தை நிறுத்திக் கேட்க முடியாத சபையை நாம் எதற்காகக் கொண்டாட வேண்டும்?

வெள்ளைக்காரன் அதற்கு மேல் விட்டிருக்க மாட்டான் என்று அவருடைய ஆதரவாளர்கள் சொல்வார்கள். உண்மைதான். நிர்வாக முறையில் முக்கியமான எந்த மாற்றத்துக்கும் கவர்னர் ஜெனரலின் சம்மதம் வேண்டும் என்று ராஜ்யத்தைத் திருப்பிக் கொடுத்த சாசனமே கட்டிப் போட்டிருந்தது. இதை ஒப்புக்கொண்டால் புகழையும் அதே அளவில் குறைக்க வேண்டாமா? கைகள் கட்டப்பட்டிருந்தன என்று ஒரு வாயால் சொல்லிக்கொண்டு, மக்களாட்சியைக் கொடுத்தார் என்று மறு வாயால் சொல்வது எப்படிப் பொருந்தும்? இன்னொன்றும் எனக்கு உறுத்துகிறது. மேற்பார்வை இல்லாத இடத்தில் அதிகாரம் அழுகும் என்பதை லஞ்சப் பிரசுரம் எழுதிய குமாஸ்தா ரங்காச்சார்லு அறிந்திருந்தார். திவான் ரங்காச்சார்லு தன் நாற்காலிக்கு அந்த மேற்பார்வையைக் கேட்டதாகத் தெரியவில்லை.

மன்னராட்சிக்குள் ஒரு சபை வேறு விதமாகவும் பிறக்கலாம். ஈரானில் 1906இல் வணிகர்களும் மதகுருக்களும் கைவினைஞர்களும் டெஹ்ரானில் பிரிட்டிஷ் தூதரகத் தோட்டத்தில் ஆயிரக்கணக்கில் தஞ்சம் புகுந்து உட்கார்ந்து, ஷாவை இணங்க வைத்து ‘மஜ்லிஸ்’ என்ற மன்றத்தைப் பெற்றார்கள். அதிலும் ஏழைகளுக்கு இடம் போதவில்லை. ஆனால் கூடிய சில மாதங்களுக்குள்ளேயே, பிரிட்டனிடமும் ரஷ்யாவிடமும் அரசு வாங்கவிருந்த கடனை அந்த மன்றம் மறுத்தது. 1908இல் அதன்மேல் பீரங்கி பாய்ந்தது. 1911இல், அமெரிக்கர் மார்கன் ஷுஸ்டரைக் கருவூலப் பதவியிலிருந்து நீக்கச் சொன்ன ரஷ்யாவின் மிரட்டலையும் அது நிராகரித்தது; அதனாலேயே மூடப்பட்டது. பிற்காலத்தில் பஹ்லவி மன்னர்கள் அதே மஜ்லிஸைத் தலையாட்டும் சபையாக்கினார்கள். படித்தவர், பல மொழி அறிந்தவர் அமீர் அப்பாஸ் ஹொவைதா. 1965 முதல் 1977 வரை ஷாவின் பிரதமராக இருந்தார். நாட்டின் வருமானம் பெருகிய ஆண்டுகள் அவை. ஷாவிடம் மறுத்துப் பேசும் மன்றம் மட்டும் இல்லை. 1979இல் புரட்சி வந்தபோது பழைய ஆட்சிக்காகப் பதில் சொல்ல வேண்டியவராக அவர் நின்றார், சுட்டுக் கொல்லப்பட்டார். மைசூரையும் டெஹ்ரானையும் நான் ஒன்றென்று சொல்லவில்லை. கெட்டிக்கார அமைச்சர் ஒருவர் இருந்தால் மன்றத்துக்கு அதிகாரம் எதற்கு என்ற நினைப்பு இரண்டு இடத்திலும் ஒன்றுதான். என் பழைய சண்டை அந்த நினைப்போடு.

செங்கல்பட்டுக்காரர்கள் இந்த நினைப்புக்கு மயங்கக் கூடாது. மிராசுதார் ஊர் என்றால் என்ன என்று நமக்குத் தெரியும். சேரிக் குடிசை நின்ற மனைகூடக் குடியிருந்தவனுக்குச் சொந்தமில்லை. எதிர்த்தால் மிராசுதார் வெளியேற்றலாம். இதை அரசுக்கு எழுதியவர் கலெக்டர் ட்ரெமன்ஹீர். அதன் பிறகு 1892இல், சேரி மக்களுக்கு நிலம் ஒதுக்கும் பஞ்சமி நில அரசாணை வந்தது. மைசூர் மாதிரியில் ஒரு சபையை அன்றைக்குச் செங்கல்பட்டில் கூட்டியிருந்தால் அந்த மிராசுதார்களே உறுப்பினராக வந்திருப்பார்கள். சேரியின் குறை அங்கே ஏறியிருக்குமா? அந்தப் பஞ்சமி நிலமும் மேலிருந்து வந்த கொடைதான். அதைக் காப்பாற்றிக்கொள்ளும் அதிகாரம் பெற்றவனிடம் இல்லாததால் ஏக்கர் ஏக்கராகக் கைமாறியது. மாமல்லபுரத்தை அடுத்த காரணையில் அந்த நிலத்தை மீட்கப் போனவர்களின் போராட்டம் 1994 அக்டோபரில் செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் போய் முடிந்தது. இரண்டு பேர் செத்தார்கள். ஆணை பிறந்து நூறு ஆண்டு கழிந்திருந்தது. இந்த மண்ணில் வாழ்ந்துகொண்டு, கொடுத்தவரின் நல்ல மனத்தை மட்டும் பாடிக்கொண்டிருப்பது எப்படி?

மைசூர் சபையும் கொடுத்தவர் கையை விட்டு நகரவே இல்லை. 1891இல் தேர்தல் வந்தது. சொத்தும் வரியும் உள்ளவர்களுக்கு. புது வரி போடுமுன் சபையின் கருத்தைக் கேட்க வேண்டும் என்று சட்டம் வர 1923 ஆயிற்று. அப்போதும் அந்தக் கருத்து அரசைக் கட்டுப்படுத்தவில்லை. 1926இல் திவானான மிர்ஸா இஸ்மாயில் ஈரானிலிருந்து வந்த ஷிராஸிக் குடும்பத்துப் பேரன்; பெங்களூரையும் மைசூரையும் அழகுபடுத்தியவர். அவர் காலத்தில், 1938 ஏப்ரலில், விதுராஸ்வத்தத்தில் காங்கிரஸ் கொடியேற்றக் கூடியவர்கள்மீது போலீஸ் சுட்டுப் பலர் மாண்டார்கள். ஐம்பத்தேழு வயதான பிரதிநிதி சபை திவானின் நாற்காலியை அசைக்கவில்லை. அசைக்கும் வழி அதற்கு என்றைக்குமே தரப்படவில்லை. காந்தியும் படேலும் தலையிட்ட பிறகே கொடிக்கு அனுமதி வந்தது.

நாடு விடுதலை பெற்ற பிறகும், மக்களுக்குப் பதில் சொல்லும் அரசு வேண்டும் என்று 1947 செப்டம்பரில் மைசூர்க்காரர்கள் ‘மைசூர் சலோ’ என்று தெருவில் இறங்க வேண்டியிருந்தது. அப்போது திவான் இன்னொரு தமிழர், ஆற்காடு ராமசாமி முதலியார். ஆயிரக்கணக்கானோர் சிறைக்குப் போன பிறகு அக்டோபரில் கே. சி. ரெட்டி தலைமையில் மக்கள் அமைச்சரவை அமைந்தது. ரங்காச்சார்லுவின் சபை கூடி அறுபத்தாறு ஆண்டுகள் ஆகியிருந்தன. செங்கல்பட்டுப் பள்ளிகளில் அவரைப் பற்றிப் பாடம் வைக்கலாம். 1881 அக்டோபரை எழுதும் அதே பக்கத்தில் 1947 அக்டோபரையும் எழுத வேண்டும். சிறைக்குப் போனவர்களுக்கும் திவானுக்குக் கொடுக்கும் அளவு வரிகளை ஒதுக்க வேண்டும்.