பொறியின்மையும் பழியும்: தீயூழ் குறிக்கும் சொற்களின் பொருளும் வழக்கும்

சுவிற்சர்லாந்தின் சோலோதுர்ன் நகரில் வாழும் தமிழர் இல்லங்களில் தீயூழைக் குறிக்க இரு மொழிச் சொற்கள் வழங்குகின்றன. தொழிற்பயிற்சிக்கு இடம் கிடைக்காத இளைஞனிடம் உடன்பயின்றோர் ‘பெஹ்’ என்பர். வீட்டு மூத்தோர் அவனையே ‘தரித்திரம்’ என்பதும் உண்டு. முன்னது நிகழ்ச்சியைச் சுட்டுகின்றது. பின்னது ஆளைச் சுட்டுகின்றது. இவ்வேறுபாட்டை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

‘பெஹ்’ என்னும் ஜேர்மன் சொல்லின் முதற்பொருள் கீல். கீல் பூசிய கிளையில் ஒட்டிக்கொண்ட பறவையின் நிலையிலிருந்து தீயூழ்ப் பொருள் தோன்றிற்று என்பது பொதுவான விளக்கம். கீலைப் பூசியவன் வேடன். ஆதலின் அகப்பட்டதன்மேல் குற்றமில்லை. இச்சொல் ஏளனமாகவும் வழங்கும். ஆயினும் ‘பெஹ்ஃபோகெல்’ என ஆளைக் குறிக்குமிடத்தும் இரக்கமே மிகுதி.

தமிழில், காணப்படாதது என்னும் வடமொழிப் பொருளுடைய ‘அதிர்ஷ்டம்’ நற்பேறாகச் சுருங்கிவிட்டமையால் தீமைக்குத் ‘துரதிர்ஷ்டம்’ வழங்குகின்றது. ‘பெஹ்’ என்பதற்கு அகராதி நிலையில் நேரான சொல் இதுவே. பேச்சிலோ ‘தரித்திரம்’, ‘சனியன்’, ‘மூதேவி’ என்பன முந்துகின்றன. வறுமையும் கோளும் தெய்வமும் மனிதரை விளிக்கும் பெயர்களாயின. பல்லவர் காலக் காஞ்சிக் கைலாசநாதர் கோயிலிற் சிற்பமாக அமர்ந்த சேட்டையாகிய மூதேவி, இன்று பெரும்பாலும் பெண்களை இழித்துரைக்கும் வசைச்சொல்.

குறளின் நிலை வேறு. 167ஆம் குறள் தவ்வையை அழுக்காற்றோடும், 617ஆம் குறள் முகடியை மடியோடும் இணைக்கின்றன. இரண்டும் செயலையும் பண்பையும் ஒட்டியவை. பிறப்பையோ பாலையோ ஒட்டியவை அல்ல. அடுத்துவரும் 618ஆம் குறள், பொறி வாய்க்காமையைப் பழியினின்று நீக்கி, முயலாமையையே பழியாகக் கொள்கின்றது. ‘பொறி’ என்பதற்குப் பரிமேலழகர் விதி எனப் பொருள் கொண்டார். உடலுறுப்பு எனக் கொள்வாரும் உளர். எவ்வுரையைக் கொள்ளினும், தாம் தேடிக்கொள்ளாத குறைக்காக ஒருவரைப் பழித்தல் தகாது என்பது நிலைபெறும்.

எனவே, புலம்பெயர்ந்த இளையோர் ‘பெஹ்’ என்பதை விரும்பி ஏற்பதைத் தமிழ்ப்பற்றின்மை என மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. தம்மேற் பழிசுமத்தாத சொல்லொன்று அவர்களுக்குத் தேவைப்படுகின்றது. ‘பொறியின்மை’ என்பதை அன்றாடப் பேச்சுக்கு மீட்பது எளிதன்று. ஆனால் தீயூழை ஆளின் பெயராக்கும் வழக்கைக் கைவிடுதல் இயலும். அகராதி தொகுப்போரும் தமிழ்ப்பள்ளிகளுக்குப் பாடநூல் ஆக்குவோரும் இச்சொற்களின் பொருளோடு, அவை எவர்மேல் எவ்வாறு ஏவப்படுகின்றன என்பதையும் குறித்தல் வேண்டும்.