அரையும் மூன்றில் ஒன்றும்: இணையவழிக் கணக்குப் பாடம் பற்றி

2018 முதல் வந்த தமிழக அரசுப் பாடநூல்களில் க்யூஆர் கோடு இருக்கிறது. கணக்குப் புத்தகத்தைப் பொறுத்தவரை அதன் வழியாக இரண்டு சரக்கு கிடைக்கிறது: ஒன்று வீடியோ, இன்னொன்று ஜியோஜீப்ரா செயல்பாடு. 2019 ஆகஸ்டில் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியையும் முதல் வகையில்தான் சேர்ப்பேன். கொரோனா காலத்தில் அது பாடத்தை வீட்டுக்குள் கொண்டுவந்தது. சும்மா சொல்லக்கூடாது, பல ஆசிரியர்கள் நன்றாகவே நடத்தினார்கள். என் குறை அவர்கள் மேல் இல்லை. விளக்கம் தெளிவாக இருந்தால் கணக்கு வந்துவிடும் என்ற நம்பிக்கை மேல்தான்.

அமிர்தியில் எனக்குத் தெரிந்த ஏழாம் வகுப்புப் பையன் 1/2 + 1/3 = 2/5 என்று போடுவான். ஏன்டா என்றால், "மேல கூட்டினேன், கீழயும் கூட்டினேன்" என்பான். பின்னக் கூட்டல் வீடியோவைக் காட்டினால் தலையாட்டுவான், "புரிஞ்சிடுச்சு" என்பான். மறுநாள் மறுபடி 2/5. வீடியோ மீச்சிறு பொது மடங்கு கண்டுபிடிக்கச் சொன்னதே தவிர, அவன் விடை ஏன் தப்பு என்று சொல்லவே இல்லை. 2/5 பாதியைவிடக் குறைவு. "பாதியோட இன்னும் கொஞ்சம் சேர்த்தா எப்படிடா பாதியவிடக் குறையும்?" என்று கேட்டபோதுதான் பென்சிலைக் கீழே வைத்தான்.

டெரிக் முல்லர் 2008-ல் சிட்னி பல்கலைக்கழகத்தில் முடித்த ஆய்வு இதைத்தான் பேசுகிறது. அவர் எடுத்தது இயற்பியல். சரியான விளக்கத்தை மட்டும் தந்த வீடியோவை மாணவர்கள் தெளிவு என்றார்கள், ஆனால் கற்றது கொஞ்சம். தப்பான எண்ணத்தை முதலில் பேசவிட்டுப் பிறகு உடைத்த வீடியோ குழப்பமாகத் தெரிந்தது. அதில்தான் அதிகம் கற்றார்கள்.

ஜியோஜீப்ரா இதற்குக் கொஞ்சம் பக்கத்தில் வருகிறது. பிள்ளையே இழுத்துப் பார்க்கிறான், படம் பதில் சொல்கிறது. ஆனாலும் அவன் நோட்டில் என்ன எழுதினான் என்று அதற்கும் தெரியாது.

இத்தனைக்கும் பெரிய தொழில்நுட்பம் ஒன்றும் வேண்டாம். நாலு விடை கொடுத்து, அதில் ஒன்றாக 2/5-ஐ வைத்து, அதைத் தொட்டால் மேலே சொன்ன கேள்வி வரட்டும். வெறும் எழுத்துதான். பத்து நிமிஷ வீடியோ தின்னும் டேட்டாவில் ஒரு வருஷக் கேள்விகளை அனுப்பிவிடலாம், மலையடிவாரத்தில் சிக்னல் விட்டுவிட்டு வந்தாலும் பரவாயில்லை.

உதாரணங்களும் எப்போதும் பீட்சாவாகவே இருக்க வேண்டுமா என்ன? எங்கள் வேலூர், ஆம்பூர் வட்டாரத்தில் எத்தனையோ வீடுகளுக்குச் சோறு போடுவது தோல். அதன் பரப்பைச் சதுர அடியிலும் கால் பாகத்திலும் குறிக்கிற வழக்கம் இந்த வியாபாரத்தில் உண்டு. 22-க்கு மேல் ஓரமாகச் சின்ன 3 போட்டிருந்தால் இருபத்திரண்டே முக்கால், மூன்றடுக்கு இல்லை! அதோடு பதினெட்டரையைக் கூட்டினால் நாற்பத்தொன்றே கால். மூன்று காலும் இரண்டு காலும் சேர்ந்து ஐந்து கால், நாலு கால் ஒரு அடியாகிவிடும். கீழ் எண்களை ஏன் கூட்டுவதில்லை என்பது அதிலேயே இருக்கிறது. அரையும் மூன்றில் ஒன்றும் வரும்போது மட்டும் கால் போதாது, ஆறில் ஒன்றாக அளக்க வேண்டும்.

2021-ல் வந்த இல்லம் தேடிக் கல்வியில் நோட்டைப் பார்க்க ஒரு தன்னார்வலர் இருந்தார். இணையப் பாடத்திலும் அந்த 2/5 யாராவது ஒரு ஆசிரியர் கண்ணில் படுகிற மாதிரி ஒரு வழி இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்கிறேன். வீடியோவின் தரமெல்லாம் அதற்குப் பிறகு.