தூக்கலும் சீர்தூக்கலும்

தமிழில் 'தூக்குதல்' என்னும் சொல்லுக்குச் சுமையை மேலே எடுத்தல், நிறுத்தல், ஆராய்தல் என்னும் பொருள்கள் உண்டு. திருக்குறளின் 48 ஆம் அதிகாரமாகிய வலியறிதலின் முதற் குறளில் 'தூக்கி' என்பது ஆராய்ந்து என்னும் பொருளது. வினைவலி, தன்வலி முதலிய நான்கையும் எடை பார்த்தே செயலில் இறங்குக என்பது கருத்து. அரசனுக்குக் கூறியதாயினும் உடலை ஆள்வோர்க்கும் அது பொருந்தும்.

எடைப்பயிற்சியில் செலவாகும் கலோரியைக் கணிக்கும் இன்றைய முறையில் இந்தத் தூக்கல் குறைவு. 2011 இல் வெளிவந்த உடலுழைப்புத் தொகுப்பு, ஓய்வுநிலைச் செலவை 1 எனக் கொண்டு, மிதமான எடைப்பயிற்சிக்கு 3.5 என்றும் கடும்பயிற்சிக்கு 6 என்றும் எண் வகுத்தது. அதனை உடலெடையாலும் மணிக்கணக்காலும் பெருக்குவர். 60 கிலோ எடையுள்ளவர்க்கு ஒரு மணி நேரத்தில் 210 அல்லது 360 கலோரி என்று விடை வரும். தூக்கிய பாரம் எவ்வளவு, எத்தனை முறை, இடையே ஓய்வு எவ்வளவு என்பவற்றுக்கு அப்பெருக்கலில் இடமில்லை. தன்வலியில் ஒரு பகுதி உண்டு. வினைவலியோ 'மிதம்', 'கடுமை' என்னும் இரு சொற்களில் அடங்கிவிடுகின்றது.

கோலா குபு பாரு வட்டாரத் தோட்டமொன்றில் பகலெல்லாம் செம்பனைக் குலைகளை வண்டியில் ஏற்றிய இளைஞர், மாலையில் எடைப்பயிற்சியும் செய்வதாகக் கொள்க. பகலுழைப்பை மறந்து, பயிற்சிக்குரிய 360 ஐ மட்டும் கருதி உணவை அளந்தால் உடல் தேயும்.

அந்த எண் தொடக்கமேயன்றித் தீர்ப்பன்று. உடலெடையையும் தூக்கும் பாரத்தையும் சில வாரம் குறித்துவந்து, அதற்கேற்ப உணவைத் திருத்திக்கொள்வதே தூக்கிச் செய்தலாகும்.