இயக்கத்திலிருந்து கட்சிக்கு: கென்யாவின் மசிங்கிரா பசுமைக் கட்சி – ஒரு திறனாய்வு

முன்னுரை

கென்யாவின் மசிங்கிரா பசுமைக் கட்சியை வங்காரி மாத்தாய் 2003-இல் நிறுவினார். 'மசிங்கிரா' என்பது சுவாகிலி மொழியில் சுற்றுச்சூழலைக் குறிக்கும் சொல்லாகும். 1977-இல் தொடங்கி, ஊரகப் பெண்களின் உழைப்பால் கோடிக்கணக்கான மரங்களை நட்ட பசுமைப் பட்டை இயக்கத்தின் கொள்கைகளைத் தேர்தல் களத்திற்குக் கொண்டுசெல்வதே இக்கட்சியின் நோக்கம். உலகப் புகழ்பெற்ற தலைவர் இருந்தும் இக்கட்சி வளராமைக்கான காரணத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

இனக்குழு விளக்கமும் அதன் போதாமையும்

கென்யத் தேர்தல்களை இனக்குழு அடிப்படையில் விளக்குவது பொதுவழக்கு. டெட்டு தொகுதியின் முடிவுகளுக்கு இவ்விளக்கம் மட்டும் போதாது. கிகுயு மக்கள் மிகுதியாக வாழும் அத்தொகுதியில், அதே இனத்தவரான மாத்தாய் 2002-இல் தேசிய வானவில் கூட்டணியின் வேட்பாளராக நின்று 98 விழுக்காடு வாக்குகளைப் பெற்றார். 2004-இல் அமைதிக்கான நோபல் பரிசும் பெற்றார். ஆயினும், 2007-இல் மவாய் கிபாகியின் தேசிய ஒற்றுமைக் கட்சி நடத்திய வேட்பாளர் தேர்வில் தோற்று, பசுமைக் கட்சியின் சார்பில் நின்றபோது, அதே தொகுதியில் தோல்வியுற்றார். தொகுதிப் பணி குறித்த மதிப்பீடுகளும் இதில் பங்காற்றியிருக்கலாம். எனினும், முந்தைய பெருவெற்றி பசுமைக் கொள்கைக்கு மட்டும் கிடைத்ததன்று. 1963 முதல் ஆண்ட கானு கட்சியை அகற்ற விழைந்த அலையின் விளைவுமாகும் என்பது இதனால் புலப்படுகிறது.

காலம் கடந்த பிறப்பு

1989-இல் உகுரு பூங்காவில் வானளாவிய கட்டடம் எழுப்பும் திட்டத்தையும், 1990-களின் இறுதியில் கருரா வனநிலம் தனியாருக்கு ஒதுக்கப்பட்டதையும் இவ்வியக்கம் எதிர்த்தது. பொதுநிலம் ஆளுங்கட்சியின் ஆதரவாளர்களுக்குரிய கொடைப்பொருளாக மாறியிருந்த அச்சூழலில், மரம் நடுதலே மக்களாட்சிக்கான கோரிக்கையாயிற்று. 2002-இல் கானு வீழ்ந்ததும் அக்கோரிக்கை ஆளும் கூட்டணிக்குள் கரைந்தது. மாத்தாயும் 2003 சனவரியில் சுற்றுச்சூழல் துணை அமைச்சரானார். கட்சி தோன்றியதும் அதே ஆண்டில்தான். தன்னை வளர்த்திருக்கக்கூடிய எதிர்ப்புணர்வு தணிந்த பின்னரே அது பிறந்தது எனலாம்.

தேர்தல் முறையும் துணைநிற்கவில்லை. 1983-இல் செருமானியப் பசுமைக் கட்சி 5.6 விழுக்காடு வாக்குகளுடன் நாடாளுமன்றத்தில் நுழைந்தது. தொகுதிக்கு ஒருவரே வெல்லும் கென்ய முறையில், சிதறிய வாக்குகள் இடங்களாக மாறுவதில்லை.

முடிவுரை

2010-ஆம் ஆண்டு அரசமைப்பின் 42-ஆம் உறுப்பு தூய சூழலுக்கான உரிமையை வழங்குகிறது. 69-ஆம் உறுப்பு குறைந்தது 10 விழுக்காடு மரப்பரப்பை அரசின் கடமையாக்குகிறது. எனவே, இடங்களின் எண்ணிக்கையை மட்டும் கொண்டு பசுமை அரசியல் தோற்றது என முடிவுசெய்தல் பொருந்தாது. ஆனால், சட்டமான கடமையை அவையில் நாள்தோறும் வலியுறுத்துவதற்கு அமைப்புவழிக் குரல் தேவை. அக்குரலை உருவாக்க இயலாமையே மசிங்கிராவின் உண்மையான தோல்வியாகும்.