உபானத்துக் கருங்கல்

காஞ்சி கைலாசநாதர் கோயிலுக்குப் போகிறவர்கள் கால் தூக்கி நிற்கும் சிங்கங்களைப் பார்ப்பார்கள், பிராகாரத்தின் 58 சிறு சன்னதிகளைச் சுற்றி வருவார்கள். என்னைக் கேட்டால், முதலில் பார்க்க வேண்டியது காலடியில் இருக்கிறது: விமானத்தின் உபானத்தில், அதாவது அடிமட்ட வரிசையில், ஓடும் கருங்கல். அதிட்டானம் என்னும் அடித்தளத்தின் உச்சி வரிசையான பட்டிகையிலும் அதே கல். மற்றதெல்லாம் பெரும்பாலும் மணற்கல்.

இந்த இரண்டு வரிசைகளுக்காகவே, கோயிலைக் கட்டிய பல்லவ மன்னன் ராஜசிம்மனின் தச்சர்களைத் தலையில் வைத்துக் கொண்டாடலாம். மணற்கல் தண்ணீரைக் குடிக்கும். தன் எடையில் பல விழுக்காடுகூட உறிஞ்சக்கூடியது. நல்ல கருங்கல் ஒரு விழுக்காட்டைத் தொடாது. மண்ணிலிருந்து ஏறும் ஈரம் உப்பையும் சுமந்துகொண்டு மணற்கல்லின் நுண்துளைகளுக்குள் போகும். வெயிலில் ஈரம் காய, உப்பு உள்ளேயே படிகமாகி நெம்பும். கல்லின் முகம் செதில் செதிலாக உதிரும். அடியில் கருங்கல் கிடந்தால் அந்த ஏற்றம் மட்டுப்படும். இன்று அஸ்திவாரத்துக்கு மேல் டி.பி.சி. என்ற ஈரத்தடுப்பு அடுக்கு போடுகிறோமே, அதே வேலைதான். பட்டிகைக் கல்லின் பணி வேறு. மேலே எழும் சுவரின் பாரத்தை வாங்கிப் பரப்பி, கீழுள்ள மணற்கல் வரிசைகள் ஓரிடத்தில் நசுங்காமல் இறக்கிவிடுகிறது.

குனிந்து கிட்டத்தில் பாருங்கள். கருங்கல் வரிசையில் விளிம்பு விளிம்பாகவே நிற்கிறது. சற்று மேலே, பிற்காலப் பூச்சு விழுந்த இடங்களில், மணற்கல் பொரிந்து, சிங்கத்தின் பிடரிமயிர் எது, அரிப்பு எது என்று தெரியாமல் கிடக்கிறது.

தேய்கிற கல்லை எதற்கு எடுத்தான் என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. கல்வேலை என்றால் மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயில்தான் என்பார்கள். அதையும் கட்டியவன் ராஜசிம்மனே. உப்புக் காற்றில் அங்கே கடினமான கல்லே முகம் மழுங்கி நிற்கிறது; தொல்லியல் துறை காகிதக் கூழை அப்பி உப்பை இழுத்தெடுக்க வேண்டியிருக்கிறது. கடலிலிருந்து தள்ளியிருந்த காஞ்சியில் மணற்கல்லை எடுக்க அவனுக்குத் துணிச்சல் இருந்தது. சுவரில் ஒரு சாண் இடம்கூட வெறுமையாக விடாத அந்தச் சிற்ப நெருக்கம் உளிக்கு இளகிக்கொடுக்கும் கல்லில்தான் வரும். 1010இல் முடிந்த தஞ்சைப் பெரிய கோயிலை நானும் அண்ணாந்து பார்த்து மலைத்தவன்தான். ஆனால் அது ஒரே கல்லின் பலம். இரண்டு கற்களின் குணமறிந்து ஒன்றை மற்றொன்றுக்குக் காவல் வைத்த நுட்பம் காஞ்சியில்தான் இருக்கிறது.

அந்த அறிவு இப்போது எங்கே போயிற்று? எனக்குத் தெரிந்த ஒரு கோயிலில் திருப்பணி என்று சொல்லி மணல்வீச்சு அடித்தார்கள். அழுக்கோடு கல்லின் மேல்தோலும் போயிற்று, கல்வெட்டு எழுத்துகளின் ஓரமும் போயிற்று. பிறகு கண்ணாடி போலப் பளபளக்கும் கிரானைட் பலகைகளைத் தரையில் பதித்தார்கள். மழை நாளில் பிரதட்சிணம் வரும் முதியவர்கள் சுவரைப் பிடித்து நடக்கிறார்கள். இதைவிடக் கொடுமை மணற்கல் இணைப்புகளில் சிமென்ட் திணிப்பது. சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை வெளியே விடும். சிமென்ட் அடைத்துவிடும், ஈரமும் உப்பும் வேறு வழியின்றிக் கல் வழியாகவே வெளியேறி அதை உதிர்க்கும்.

திருப்பணிக் குழுக்களில் இருக்கும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். மணற்கல் சுவரில் சிமென்ட் கரண்டியை வைக்க விடாதீர்கள். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள் இன்னும் இருக்கிறார்கள்; தேடிப் பிடித்து அழைத்து வாருங்கள்.