ஹிக் சுட்டெண்: ஓர் அளவுகோலின் எல்லை

சிவஞான சித்தியார் சுபக்கம், தான் நிறுவப் புகும் பொருளைக் கூறுமுன் அளவையின் இலக்கணத்தைக் கூறுகின்றது. அறியும் கருவி எத்தகையது என்பது துணியப்படாதவிடத்து, அதனால் அறிந்ததாகக் கூறப்படும் பொருளும் ஐயத்துக்குரியதே. ஆடை, பாதணி உற்பத்தியாளர் தம் தொழிலின் நிலைபேற்றை அளத்தற்கென ஆக்கிக்கொண்ட ஹிக் சுட்டெண்ணையும் இவ்வழி நின்று ஆராய்தல் தகும்.

மலிவு விலைக்குப் பெயர்பெற்ற வோல்மாட்டும், இயற்கைப் பாதுகாப்புக்குப் பெயர்பெற்ற பற்றகோனியாவும் 2009இல் ஏனைய நிறுவனங்களைக் கூட்டுமுயற்சிக்கு அழைத்தன. விந்தையான இணைதான். அவ்வழைப்பிலிருந்து தோன்றிய நிலைபேற்று ஆடைக் கூட்டமைப்பு 2012இல் இச்சுட்டெண்ணை வெளியிட்டது. அதற்குமுன் ஒரே தொழிற்சாலை, கொள்வனவாளர் ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு வினாக்கொத்தை நிரப்ப வேண்டியிருந்தது. எரிசக்தி, நீர், கழிவுநீர், இரசாயனப் பொருள் ஆகியன பற்றிப் பொதுவான வினாக்கள் அமைந்தமை மெய்யான நன்மையே; அதனை மறுப்பார் இலர்.

இடர்ப்பாடு மூலப்பொருள்களைத் தரப்படுத்தும் பகுதியில் எழுகின்றது. நைக்கி நிறுவனம் தன் தேவைக்கென முன்னர் உருவாக்கிய கருவியொன்றே இப்பகுதிக்கு அடிப்படையாயிற்று. இதன்படி கல்நெய்யிலிருந்து பெறப்படும் பொலியெஸ்ரர் மேன்மையான இடம்பெற, பருத்தி, கம்பளி, பட்டு, தோல் ஆகியன பின்தள்ளப்பட்டன. காரணம் யாது? கணக்கு, துணி ஆலையின் வாயிலைக் கடக்கும்போதே முடிந்துவிடுகின்றது. பொலியெஸ்ரர் ஆடையைத் துவைக்கும்போது நீரிற் கலக்கும் நுண்ணிழைகளும், எறியப்பட்டபின் அது மட்காது கிடக்கும் நெடுங்காலமும் அவ்வாயிலுக்கு அப்பாற்பட்டவை. அளவுகோல் பொய் சொல்லவில்லை. எங்கே நிறுத்துவது என்று தீர்மானித்தவர் முடிவையும் பாதி தீர்மானித்துவிட்டனர்.

தோலை எடுத்துக்கொள்வோம். மாடு இறைச்சிக்கும் பாலுக்குமாக வளர்க்கப்படுகின்றது. தோல் அதன் உடன்விளைபொருள். மாட்டினால் விளையும் மாசில் எத்துணைப் பங்கினைத் தோலின்மேற் சுமத்துவது? இதனை எந்த ஆய்வுகூடமும் அளந்து கூறவியலாது. இது கணக்கெழுதுவோர் செய்யும் தெரிவு. அத்தெரிவு மாறின் பாதணியின் தரமும் மாறும். பருத்தியின் நிலை வேறுவகையானது. அமுதாரியா, சிர்தாரியா ஆறுகளைத் திருப்பி ஏரல் கடலை வற்றச்செய்த பாசனப் பருத்தியும், மேற்கு ஆபிரிக்காவில் மழையை நம்பி விளையும் பருத்தியும் ஒரு சராசரிக்குள் அடங்கும்போது, முன்னதன் குற்றம் குறைந்தும் பின்னதன் சிறப்பு மறைந்தும் போகின்றன.

நோர்வேயின் நுகர்வோர் அதிகாரசபை 2022 யூன் மாதத்தில் தொட்டதும் இவ்விடத்தையே. நொறோனா என்னும் நிறுவனம் இத்தரவுகளைக் கொண்டு தன் ஆடைகளை விளம்பரப்படுத்தியமை நுகர்வோரைத் தவறாக வழிநடத்துவதாகும் என அது தீர்ப்பளித்தது. எச் அன்ட் எம் நிறுவனத்தையும் எச்சரித்தது. பொதுச் சராசரி, கடையில் தொங்கும் குறித்தவோர் ஆடைக்குச் சான்றாகாது என்பதே அதன் நியாயம். நுகர்வோருக்கான அறிவித்தல் திட்டத்தைக் கூட்டமைப்பு அம்மாதமே இடைநிறுத்தியது. 2024இல் காஸ்கேல் எனப் பெயரையும் மாற்றிக்கொண்டது.

குறையுடைய அளவையேனும் அளவையின்மையினும் நன்று என்பர் சிலர். யார் கையில் இருக்கின்றது என்பதைப் பொறுத்தே அவ்வாதம் நிற்கும். ஆடை ஏற்றுமதியைப் பெரிதும் நம்பியிருக்கும் எம் நாட்டில், சாயமிடும் தொழிற்சாலையொன்றின் முகாமையாளர் சென்ற ஆண்டு செலவிட்ட நீரோடு இவ்வாண்டின் நீரை ஒப்பிடுகையில் ஆலையும் ஒன்று, எல்லையும் ஒன்று. குறை அவரை ஏமாற்றாது. கடையில் இரு சட்டைகளை ஏந்தி நிற்பவருக்கோ அவ்வெல்லை கண்ணிற்படுவதில்லை. எண் மட்டுமே தெரிகின்றது. அவ்வெண்ணை ஆக்கும் கூட்டமைப்பில், சட்டையை விற்பவரும் உறுப்பினராய் இருக்கின்றனர்.